வளர்ச்சிப் புதினமும் தந்தையின் கூற்றும்

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை ஆராயப் புகுவார் ஒரு வாய்பாட்டைக் கைக்கொண்டு விட்டனர். இரு பண்பாடுகளுக்கு இடையே அகப்பட்டு அல்லலுறும் இளைய தலைமுறை என்பதே அது. வீடு ஒரு கரை. பள்ளியும் தெருவும் மறு கரை. நடுவே ஓடும் ஆற்றில் பிள்ளை தத்தளிக்கிறது என்று எழுதிவிட்டால் ஆய்வு முடிந்தது எனக் கருதுவாரும் உளர். மேலைநாடுகளில் குடியேறிய இசுலாமியக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்த வரலாற்றைக் கூறும் புதினங்களைப் பற்றிய கட்டுரைகளில் இவ்வாய்பாடு தலைகாட்டாதது அரிது. முதுகலை மாணவர் எழுதிக் கொணரும் ஆய்வேடுகளிலும் இதனையே காண்கிறோம். முக்காடு, நோன்பு, தொழுகை ஆகியவற்றை ஒருபுறமும், இசை, மது, காதல் ஆகியவற்றை மறுபுறமும் நிறுத்தி அட்டவணையிட்ட பின், அப்புதினத்தில் எஞ்சி நிற்பது யாது என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

இவ்வாய்பாடு முற்றும் பொய் எனக் கூறோம். அவ்வீடுகளில் அத்தகைய முரண்கள் உள்ளன என்பதை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் இது கதைப்பொருளை மட்டும் நோக்கி, அப்பொருளைத் தாங்கும் வடிவத்தை நோக்காது விடுகிறது. மேலைப் பண்பாடு அப்புதினங்களில் பள்ளியாகவும் கடைத்தெருவாகவும் மட்டும் வந்து நிற்பதன்று. புதினம் என்னும் வடிவமாகவே வந்து நிற்கிறது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவன் அல்லது ஒருத்தி இளமையினின்று முதிர்ச்சிக்கு வருதலைக் கூறும் புதின வகையை வளர்ச்சிப் புதினம் எனலாம். கெதே 1795, 1796 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'வில்லெம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்' இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது. செருமானிய நாட்டிற் பிறந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவிய இவ்வகையில் ஓர் உள்ளுறை முடிபு உண்டு. வளர்தல் என்பது வீட்டைவிட்டு வெளியேறுதல். தந்தையின் தொழிலையும் விருப்பத்தையும் மறுத்துத் தனக்கென ஒரு வாழ்வைத் தேர்தல் என்பதே அம்முடிபு. சேம்சு சாய்சு 1916இல் வெளியிட்ட 'கலைஞனின் இளமைக் கால ஓவியம்' இம்முடிபை அதன் எல்லைக்கே கொண்டு செல்கிறது. அதன் தலைவன் குடும்பம், சமயம், நாடு என்னும் மூன்றினையும் துறந்து கடல் கடக்க எழுவதோடு கதை நிற்கிறது. அவனைப் பெற்றவள் அதன்பின் என்ன ஆனாள் என அப்புதினம் வினவுவதில்லை. வினவினால் அப்புறப்பாட்டின் பெருமிதம் குன்றிவிடும்.

இவ்வடிவம் ஓர் இசுலாமியக் குடியேற்றக் குடும்பத்தின் பிள்ளைக்குத் தரப்படுங்கால் நிகழ்வது யாது? வடிவம் முன்கூட்டியே தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. பிள்ளை வீட்டைத் துறந்தால் முதிர்ச்சி. வீட்டோடு தங்கினால் தேக்கம். எழுத்தாளர் ஒவ்வொருவரும் இத்தீர்ப்போடு எவ்வாறு வழக்காடுகிறார் என்பதைக் கொண்டே அவர்தம் படைப்பை மதிப்பிடல் வேண்டும் என்பது எமது கருத்து.

குடியேற்றத்தின் வரலாற்றைச் சில சொற்களில் கூறி மேற்செல்வோம். பிரித்தானியாவின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பொதுநலநாட்டு மக்களுக்குக் கதவைத் திறந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பெரிதும் அடைத்தது. மங்களா அணை எழுந்தபோது நிலம் இழந்த மீர்ப்பூர் மக்களும், கப்பல் தொழிலாளராய்ச் சென்ற சில்ஹெட்டு மக்களும் ஆங்குத் தொழிலாளர் குடியிருப்புகளை அமைத்தனர். பிரான்சில் குடியேறியோரும் பெரும்பாலும் வட ஆப்பிரிக்கத் தொழிலாளரே. அமெரிக்காவிலோ, 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியபின் மருத்துவரும் பொறியியலாரும் மாணவரும் மிகுதியாக வந்தனர். ஆதலின் ஆங்கிலநாட்டுப் புதினங்கள் வாடகை வண்டியோட்டியையும் நகராட்சிக் குடியிருப்பையும் சுற்றி நிற்ப, அமெரிக்கப் புதினங்கள் புறநகர் வீட்டையும் பள்ளிவாசற் கூட்டத்தையும் சுற்றி நிற்கின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாது இரண்டையும் ஒரே கூடையில் இடுவது பிழை.

முதற்கண் அனீப் குரேசியின் 'மை சன் த ஃபனாடிக்' என்னும் சிறுகதையை எடுத்துக் கொள்வோம். 1994இல் வெளிவந்த இதன் தலைப்புக்கு 'என் மகன் வெறியன்' என்பது பொருள். புதினமன்று எனினும், புதினங்கள் பல கூறவியலாத ஒன்றை இது சில பக்கங்களிற் கூறிவிடுகிறது. பர்வேசு இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாடகை வண்டி ஓட்டுபவர். கணக்கியல் பயிலும் தம் மகன் அலி அழகிய உடைகளையும் நூல்களையும் இசைக் கருவியையும் ஒவ்வொன்றாக அறையினின்று அகற்றுவதைக் கண்டு, போதைப் பழக்கத்திற்கு ஆட்பட்டனனோ என ஐயுறுகிறார். உண்மை வேறு. மகன் தொழத் தொடங்கியிருக்கிறான், தாடி வளர்க்கிறான், மது அருந்துவதற்காகவும் பன்றியிறைச்சி உண்பதற்காகவும் தந்தையை இடித்துரைக்கிறான்.

மேற்கூறிய வாய்பாட்டை இக்கதையின்மேல் இட்டுப் பார்க்க. அது முறிந்து விழுகிறது. இங்கு மேலைப் பண்பாட்டின் உறையுள் வீடே. பர்வேசு லாகூரில் இளமையிற் பெற்ற சமயக் கல்வியை வெறுத்தவர்; பாடத்தின்போது உறங்கிவிடாதபடி கூரையினின்று தொங்கும் கயிற்றோடு பிணைக்கப்பட்ட நினைவு அவருக்கு உண்டு. அவர் வீட்டில் சமயம் இல்லை. மகனுடைய சமயம் வெளியிலிருந்து, அவன் தானே தேடிச் சேர்ந்த நண்பரிடமிருந்து வந்தது. இன்னும் நுண்ணிதின் நோக்கின், அம்மகன் செய்வது வளர்ச்சிப் புதினத்தின் தலைவன் செய்வதையே. அவன் தந்தையின் பொருளாசையை மறுக்கிறான். அவர் தேர்ந்த தொழிலை மறுக்கிறான். தனக்கென ஒரு மெய்ம்மையைத் தேடுகிறான். மேலைநாட்டு வடிவம் அவனிடம் முழுமையாக நிறைவேறிவிட்டது. நிறைவேறிய இடந்தான் அந்நாட்டார் எதிர்பாராத இடம். குடிவெறியில் தந்தை தொழுதுகொண்டிருக்கும் மகனை அடிக்க, இப்பொழுது வெறியன் யார் என மகன் வினவுவதோடு கதை முடிகிறது. அவ்வினாவிற்கு விடை தர ஆசிரியர் முயலாமையே இக்கதையின் வலிமை. ஒரு குறையையும் கூறுதல் வேண்டும். தந்தையின் உள்ளம் நமக்குத் திறந்து கிடக்கிறது. மகனின் உள்ளம் பூட்டிய அறையாகவே நின்றுவிடுகிறது. அவன் ஏன் தொழுகிறான் என்பதை யாம் கேட்கிறோம். தொழும்போது அவன் அடைவது யாது என்பதை அறியோம். சிறுகதைக்கு இது பொருந்தும். இதே பார்வையைப் புதினமாக நீட்டினால் மகன் ஒரு கருத்தின் உருவாகச் சுருங்கிவிடுவான்.

அவ்வாறு சுருங்கியமையைச் சேடி சிமித்து 2000இல் வெளியிட்ட 'ஒயிட் டீத்' என்னும் புதினத்திற் காணலாம். வங்காள தேசத்தவரான சமத் இக்பால், இரட்டைப் புதல்வருள் ஒருவனாகிய மசீதை இலண்டனின் கேட்டினின்று காக்கத் தாய்நாட்டிற்கு அனுப்புகிறார். மில்லத்து இலண்டனிலேயே வளர்கிறான். அனுப்பப்பட்டவன் ஆங்கிலக் கனவானாகவும் இறைமறுப்பாளனாகவும் திரும்ப, இங்கு வளர்ந்தவன் ஒரு தீவிர சமயக் குழுவில் சேர்கிறான். பிள்ளையின் உருவாக்கத்தை இடமே தீர்மானிக்கும் என்னும் எண்ணத்தை இது நன்கு எள்ளுகிறது. ஒன்பது வயதில் மசீது தன் பள்ளித் தோழரிடம் தன் பெயர் மார்க்கு சிமித்து எனக் கூறியிருந்தமை வெளிப்படும் இடம் நகையும் அவலமும் ஒருங்கே தோன்ற அமைந்தது. நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். அச்சிறுவன் பெயர் மாற்றிக்கொண்ட இடத்து எழும் நகை இளமையிற் பிறந்தது. ஆதலின் நெஞ்சைத் தொடுகிறது. மில்லத்து சேர்ந்த குழுவைப் பற்றிய நகையோ முற்றும் எள்ளலிற் பிறந்தது. அக்குழுவின் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கெவின் என்னும் ஆங்கிலப் பெயர் வரும்படி அமைத்திருத்தலே இதற்குச் சான்று. எள்ளப்பட்டவன் வளர இயலாது. இரட்டையர் இடம் மாறிக் குணம் மாறிய கணக்கு மிகவும் ஒழுங்காக அமைந்துவிட்டமையின், அவர்தம் மாற்றம் வளர்ச்சியாகத் தோன்றாது விடுகதையின் விடையாகத் தோன்றுகிறது. இப்புதினம் பெற்ற பெரும்புகழை யாம் அறிவோம். எனினும் இக்பால் குடும்பத்தைப் பொறுத்தவரை இதில் உயிர்பெற்று நிற்பவர் பிள்ளைகளல்லர், அவர்களைப் பெற்ற சமத்தே என்பது எமது துணிபு.

மோனிகா அலியின் 'பிரிக் லேன்' 2003இல் வெளிவந்தது. இதில் வடிவம் ஒரு சிறு திருப்பம் பெறுகிறது. வளர்பவள் மகளல்லள், தாய். பதினெட்டு வயதில் மணமாகி இலண்டன் வந்த நசுனீன் என்பாளின் முதிர்ச்சியே கதை. மகள் சகானா தாகூரின் பாடலை ஒப்பிக்க மறுத்துத் தந்தை சானுவோடு மோதுதல் வாய்பாட்டிற்கு மிகவும் இசைந்த காட்சி. அதனாலேயே மேற்கோளாக மிகுதியும் எடுத்தாளப்படுகிறது. ஆயின் புதினத்தின் முடிவை நோக்குக. பிள்ளைகளும் தாயும் இலண்டனில் தங்க, தந்தை தனியே டாக்காவிற்குப் புறப்படுகிறார். வெளியேறுபவர் தந்தை. வளர்ச்சிப் புதினத்தில் பிள்ளைக்கு உரிய செலவு இங்குத் தந்தையின் தலையில் விழுந்தது. நன்கு கற்றும் எந்நாளும் உயர்வு பெறாது, சான்றிதழ்களைச் சட்டமிட்டுத் தொங்கவிட்டு வாழ்ந்த அம்மனிதரை ஆசிரியர் நகைப்பிற்கு உரியவராகத் தொடங்கி இரக்கத்திற்கு உரியவராக முடிக்கிறார். இது எளிய செயலன்று.

பிரெஞ்சு மொழியில் பைசா கெனே தம் பத்தொன்பதாம் வயதில், 2004இல், வெளியிட்ட 'கிஃப் கிஃப் தெமேன்' இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. பாரிசின் புறநகரில் வாழும் பதினைந்து வயதுப் பெண் தோரியா தானே கதை கூறுகிறாள். ஆண்மகவு வேண்டித் தந்தை மொராக்கோவிற்கே சென்று வேறு மணம் புரிந்துகொண்டார். தாய் ஒரு விடுதியில் துப்புரவுப் பணி செய்கிறாள். யாசுமினா என்னும் அவள் பெயரை விடுதியில் எவரும் வழங்குவதில்லை. பாத்மா என்றே அழைக்கின்றனர். அரபுப் பெண் எவளாயினும் பாத்மா என்பது அவர்தம் வழக்கு. மார்க்கு சிமித்து என்று தானே பெயர் சூட்டிக்கொண்ட சிறுவனையும், பெயர் பறிக்கப்பட்ட இத்தாயையும் அடுத்தடுத்து வைத்துக் காண்க. பெயர் மாற்றம் என ஆய்வேடுகள் இரண்டையும் ஒரே தலைப்பில் அடக்கிவிடும். முன்னது விழைவு; பின்னது இழிவு. தாய் அப்பணியை விட்டு எழுத்தறியக் கற்கத் தொடங்குவதால், இதிலும் மகளோடு தாயும் வளர்கிறாள்.

இனி மோசா கஃபு 2006இல் வெளியிட்ட 'த கேர்ள் இன் த டான்சரின் ஸ்கார்ஃப்' என்னும் புதினத்திற்கு வருவோம். இது பரவலாகக் கற்கப்படாதது, கற்கப்பட வேண்டியது. சிரியாவினின்று வந்து அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திற் குடியேறிய குடும்பத்தின் மகள் கத்ரா. பெற்றோர் சமயப் பணிக்கெனத் தம்மை ஒப்படைத்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவள் வளர்ந்த ஆண்டுகள் கூறப்படுகின்றன. குடியேறியவரின் சமயம் தாய்நாட்டினின்று பெட்டியில் வைத்துக் கொணர்ந்த பழம்பொருள் என்பதே பலரும் எண்ணுவது. கஃபின் புதினம் இவ்வெண்ணத்தை ஒரே நிகழ்ச்சியால் தகர்க்கிறது. ஹஜ் கடமைக்காகக் குடும்பத்தோடு சவூதி அரேபியா சென்ற கத்ரா, வைகறைப் பாங்கொலி கேட்டு எழுந்து, தனியே பள்ளிவாசலுக்குத் தொழச் செல்கிறாள். காவலர் அவளை மடக்கி, வீடு தப்பிய பெண்ணைக் கொணர்வது போலத் தந்தையிடம் கொணர்ந்து நிறுத்துகின்றனர். அந்நாட்டில் பெண்கள் அவ்வாறு பள்ளிவாசலுக்குச் செல்வதில்லையாம். இந்தியானாவில் பள்ளிவாசலிலேயே தொழுது வளர்ந்த பெண்ணுக்குத் தன் மார்க்கத்தின் பிறப்பிடத்திலே தொழ இடமில்லை. அவள் வீட்டில் கற்ற இசுலாம் இந்தியானாவில், குடியேறிய பல நாட்டாரும் கறுப்பின அமெரிக்க முசுலிம்களும் கூடிய கூட்டத்தில், புதிதாய் உருவானது என்பது அவளுக்கும் நமக்கும் அப்பொழுதே புலனாகிறது. வீடும் அமெரிக்காவே. எனின், எவ்விரு பண்பாடுகளுக்கு இடையே அவள் நிற்கிறாள் என ஆய்வாளர் கூறவேண்டும்.

கறுப்பின முசுலிம்களை உடன்வைத்துக் காட்டியதும் கஃபின் சிறப்பு. அவர்கள் குடியேறியவரல்லர், பல தலைமுறையாக அம்மண்ணில் வாழ்பவர். அவர்களோடு ஒரே வரிசையில் தொழும் கத்ராவின் பெற்றோர், மகன் கருநிறமுடைய சூடான் நாட்டுப் பெண்ணை மணக்க விழையுங்கால் தயங்குகின்றனர். தம் சமூகத்தைப் புறத்தார் முன்னிலையில் எழுதும் ஆசிரியர் இதனை மறைத்திருக்கலாம். மறைக்காமையின் அவர் கூறும் பிறவும் நம்பத்தக்கனவாயின.

முக்காடு பற்றி ஒரு சொல். பிரான்சில் 1989இல் கிரேய் என்னும் ஊரில் மூன்று மாணவியர் பள்ளியினின்று நீக்கப்பட்டதும், 2004இல் அரசுப் பள்ளிகளில் சமய அடையாளங்களைத் தடுக்கும் சட்டம் எழுந்ததும் அறிந்தனவே. அன்று முதல் அத்துணியை அணிதல் அடிமைநிலை, களைதல் விடுதலை என்றோ, அணிதல் உறுதி, களைதல் வீழ்ச்சி என்றோ இரண்டிலொன்றாக எழுதுவதே பெரும்பான்மை வழக்காயிற்று. கஃபின் தலைவி கறுப்புத் துணியை இறுக அணிந்த காலமும் உண்டு. மணமுறிவிற்குப் பின் சிரியாவில் அதனை நழுவவிட்ட காலமும் உண்டு. நாரங்க நிறப் பட்டாக அதனை மீண்டும் தனதாக்கிக் கொண்ட காலமும் உண்டு. ஒவ்வொரு காலத்தும் அவள் இறைவனையே நோக்கி நிற்கிறாள். வளர்ச்சி என்பது சமயத்தைத் துறத்தல் என்னும் வடிவத்தின் தீர்ப்பு இங்கு மாற்றி எழுதப்படுகிறது: அவள் வளர்வது தொழுகையின் உள்ளேயே. அவள் நெடுங்காலம் கழித்து, ஒளிப்படக் கலைஞராய், இந்தியானாவிற்கே திரும்பி வருவதாகக் கதையை அமைத்தமையும் கருதத்தக்கது. வெளியேறுதலில் முடிய வேண்டிய வடிவத்தை ஆசிரியர் திரும்புதலில் தொடங்கினார். நூல் நீண்டது, இடையிடையே சொற்பொழிவின் ஓசை கேட்பதும் உண்மை. கதைமாந்தர் பலர் ஒரு கருத்தைச் சொல்லி முடித்தவுடன் மறைந்துவிடுகின்றனர். ஆயினும் தொழும் பெண்ணின் உள்ளம் தொழுகையின்போது எவ்வாறு இருக்கும் என்பதைக் குரேசியும் சிமித்தும் காட்டாதுவிட, இவர் காட்டினார்.

ஆத்திரேலிய எழுத்தாளர் ரந்தா அப்துல் பத்தாவின் 2005ஆம் ஆண்டு இளைஞர் புதினம் ஒன்று, பெற்றோர் தயங்கவும் மகள் தானே முக்காடு அணியத் துணிவதைக் கூறுகிறது. இனிய நடையும் நகைச்சுவையும் உடையது. இடர்கள் எளிதில் தீர்ந்துவிடுதலால் மேலும் ஆராய்தற்கு இடமில்லை.

வெளியேறியவர் திரும்புதல் பற்றிக் கூறினோம். நம் அகநூலார் இதற்கெனத் துறை வகுத்தனர். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், மகள் உடன்போயவழித் தாய் இரங்கும் பத்தும் உண்டு. சென்றவர் மீள்வதைப் பாடும் மறுதரவுப் பத்தும் உண்டு. தலைவனும் தலைவியும் சுரம் கடப்பதை மட்டும் பாடி அவர்கள் நிறைவுறவில்லை. வெறுமையுற்ற மனையில் நிற்கும் நற்றாய்க்கும், தேடிச் செல்லும் செவிலிக்கும், வழியிடைக் கண்டோர்க்கும் கூற்று அளித்தனர். மேலை வளர்ச்சிப் புதினம் வினவாது விட்ட வினாவை அவர்கள் வினவினர். மேலைப் புதினங்களுக்கு அகத்திணை மூலம் என நிறுவுதல் எம் கருத்தன்று. அத்தகைய முயற்சிகள் போதுமான அளவு நிகழ்ந்துவிட்டன. கூற்று எவர்க்கு உரியது, எவர்க்கு இல்லை என வினவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்பழக்கம் இந்நூல்களை அறிதற்குத் துணைசெய்யும் என்பதே யாம் கூறுவது.

மறுதரவு மறுக்கப்பட்ட குடும்பம் ஒன்றைக் கமிலா சம்சி 2017ஆம் ஆண்டுப் புதினமாகிய 'ஹோம் ஃபயர்' என்பதிற் காட்டுகிறார். சோபோக்கிளிசின் அந்திகோனி நாடகத்தை இக்காலத்து இலண்டனில் மறுபடி நிகழ்த்துவது அது. தொடக்கத்திலேயே, மேற்படிப்பிற்காக அமெரிக்கா புறப்படும் இசுமா விமான நிலையத்தில் நெடுநேரம் வினவப்பட்டு வானூர்தியைத் தவறவிடுகிறாள். வினா எழும் என அஞ்சிக் குர்ஆனையும் குடும்பப் படங்களையும் அவள் பெட்டியில் வையாது வந்தவள். தங்கையோடு வினாவிடைப் பயிற்சியும் செய்து பார்த்தவள். வீட்டுக்குள் வளர்தல் என்பது இங்கு அரசின் வினாக்களுக்கு விடை பழகுதலாகவும் ஆகிவிட்டது. சிரியாவின் போர்க்குழுவிற் சேர்ந்த தம்பி பர்வைசு மனம்மாறி மீள விழைகிறான். உள்துறை அமைச்சரோ முசுலிம் குடும்பத்திற் பிறந்து உயர்ந்தவர். அவரே அவனது உடலையும் நாட்டினுள் விடாது தடுக்கிறார். மேலைநாடு தன் பிள்ளைகளை நோக்கி வீட்டைத் துறந்து வா என அழைக்கிறது. ஒருமுறை தவறான வாயிலாற் சென்றவனுக்குத் திரும்பும் வாயிலை அடைத்துவிடுகிறது. இப்புதினத்தின் முற்பகுதி அரிய நுட்பம் உடையது. பிற்பகுதியில் கிரேக்க நாடகத்தின் அமைப்பு கதைமாந்தரை இழுத்துச் செல்வதால், தங்கை அனீகா பெண்ணாக நில்லாது சிலையாக நிற்கிறாள்.

இறுதியாக எஞ்சுவது பாத்திமா பர்கீன் மிர்சா 2018இல் வெளியிட்ட 'எ பிளேஸ் ஃபார் அஸ்'. கலிபோர்னியாவில் வாழும் இந்திய சியாக் குடும்பம். தந்தை ரபீக்கு, ஐதராபாத்தினின்று வந்த தாய் லைலா, மக்கள் அதியா, உதா, அமார். மூத்த மகள் அதியா தான் விரும்பியவனை மணக்கும் நாளில் கதை தொடங்குகிறது. வீட்டைவிட்டுச் சென்ற அமார் மூன்று ஆண்டுகளுக்குப் பின் அத்திருமணத்திற்கு வருகிறான். மறுதரவு ஒரே ஓர் இரவுக்கு மட்டும் நிகழ்கிறது.

இந்நூலில் பெரும் நிகழ்ச்சிகள் குறைவு. எழுத்துப் பிழையின்றி எழுதினால் புதிய காலணி வாங்கித் தருவதாகத் தந்தை கூற, சிறுவன் சொற்களைத் தன் காலணியின் அடியில் எழுதிச் செல்கிறான். பாவம் ஒவ்வொன்றும் நெஞ்சில் ஒரு கரும்புள்ளியாகப் படியும் எனத் தாய் கற்பித்ததை அவன் வாழ்நாளெல்லாம் சுமக்கிறான். தந்தைவழிப் பாட்டனின் கைக்கடிகாரம் மகனுக்கு வாராது மருத்துவம் பயின்ற மகளுக்குச் செல்கிறது. அமார் அமீரா என்னும் பெண்ணை விரும்புதலை அறிந்த லைலா, மகனைக் காப்பதாக எண்ணி அப்பெண்ணின் தாயிடம் அதனைக் கூறிவிடுகிறார். தாயின் இச்செயலே அவனை வீட்டினின்று அறுத்தெறிந்தவற்றுள் பெரியது. இதனைப் பண்பாட்டு மோதல் எனப் பெயரிட்டு அடக்கிவிட முடியுமா? அன்பு அஞ்சும்போது செய்யும் தவறு அது. அக்குடும்பத்தின் சமயமும் ஊர்ப்பழியும் அத்தவறுக்கு வடிவம் தந்தன; அவ்வளவே.

முதல் மூன்று பகுதிகளும் தாய், மகள், மகன் ஆகியோர் நோக்கில் படர்க்கையிற் செல்கின்றன. ரபீக்கு அவற்றில் சினம் கொண்டவராகவும், வாய் பேசாதவராகவும், கதவருகே நிற்பவராகவும், பிறர் கண்வழியாகவே தோன்றுகிறார். இங்கு ஒரு தொல்காப்பிய விதி நினைவிற்கு வருதல் இயல்பு. தந்தைக்கும் தன்னையர்க்கும் அகத்திணையில் நேர்க்கூற்று இல்லை. பிறர் எடுத்து மொழிய மட்டுமே அவர்கள் இடம்பெறுவர் என்பது செய்யுளியலார் கொள்கை. மிர்சாவின் புதினம் தன் முக்காற் பகுதி வரை அவ்விதிவழியே நடப்பது போலத் தோன்றுகிறது. நான்காம் பகுதியில் விதி உடைகிறது. தந்தை தன்மையிற் பேசுகிறார். அமாரை முன்னிலையாக்கி, நீ, உனக்கு, உன்னை எனப் பேசுகிறார். பிறர் கண்வழி யாம் கண்ட பழைய நிகழ்ச்சிகளே மீண்டும் வருகின்றன. அவர் அன்று கூறாதுவிட்ட சொற்கள் அவற்றோடு சேர்ந்து வருகின்றன. கண்டிப்பு எனத் தோன்றியதன் பின்னே அச்சம் இருந்தது. வெறுப்பு எனத் தோன்றியதன் பின்னே செய்வதறியாமை இருந்தது. தம் பெற்றோரை இளமையில் இழந்து தனியராய் அந்நாடு வந்த ஒருவர், தந்தையாதல் எவ்வாறு என்பதைக் கண்டு கற்க வாய்ப்பின்றி வளர்ந்தவர் என்பதும் அப்பகுதியிலேதான் முழுமையும் தெளிவாகிறது.

வளர்ச்சிப் புதினத்தின் வடிவத்திற்கு இதைவிடத் துணிவான மறுப்பைப் பிற நூல்களில் யாம் கண்டிலோம். பிள்ளை வெளியேறினான், வடிவத்தின்படி கதை அவனோடு செல்லவேண்டும். மிர்சா அவனை விட்டு வீட்டிற்குத் திரும்புகிறார். அமார் வெளியுலகில் யாதாயினான் என்பதைப் புதினம் விரித்துரைப்பதில்லை. இதனைக் குறையாகக் கூறும் திறனாய்வாளர்க்கு, சாய்சின் தலைவனுடைய தாய் யாதாயினாள் என யாரேனும் வினவினரா என்பதே எம் விடை.

முடிவிலும் ரபீக்கு தம் மார்க்கத்தை விட்டு மகன்பால் வரவில்லை. மகனும் மார்க்கத்திற்கு மீளவில்லை. இரண்டிலொன்று நிகழ்ந்திருப்பின் நூல் பாழாகியிருக்கும். தந்தை தாம் நம்பும் மறுமையின் மொழியிலேயே மகனை எண்ணுகிறார். சுவர்க்கத்தின் வாயிலில், அவனும் உள்ளே விடப்படும்வரை தாமும் காத்திருப்பதாக எண்ணிப் பார்க்கிறார். நம்பிக்கை தளர்ந்த தந்தையாக அவரை ஆக்காது, நம்பிக்கையின் உள்ளேயே அன்பிற்கு இடம் காணச் செய்தது இவ்வாசிரியரின் ஆற்றல்.

பாலைக்கலியில் மகளைத் தேடிச் சுரத்திற் செல்லும் தாய்க்கு முக்கோற்பகவர் எதிர்ப்படுகின்றனர், அவரிடம் வினவுகிறாள், ஆறுதலும் பெறுகிறாள். ரபீக்கிற்குக் கண்டோர் எவரும் இல்லை. நோயுற்றுக் கிடந்து, பேரப்பிள்ளைகளின் முகத்தில் அமாரின் சாயலைத் தேடியபடி, கேளாத மகனை நோக்கி அவர் பேசுகிறார். அப்பேச்சு ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. அத்தந்தை தம் நெஞ்சோடு பேசுங்கால் உருதுவிற் பேசியிருப்பார் என்பதில் ஐயமில்லை. மகன் படிக்கவல்ல மொழியில் அது எழுதப்பட்டிருப்பதற்கு, நூலின் மொழி ஆங்கிலம் என்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டுபோலும்.